லைன்மேன் கோவர்த்தனனும் ஒரு மரமல்லியும்

"அக்கா, அந்தச் செவப்பு இன்னாது? போன மாசம் இல்லியே."

கேள்வி மேலிருந்து வருகிறது. கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, இடுப்புப் பட்டையைக் கம்பத்தோடு சேர்த்து மாட்டிக்கொண்டு, குறட்டால் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறார் லைன்மேன் கோவர்த்தனன். அவர் கண் கம்பியிலும் இல்லை, தெருவிலும் இல்லை. சுற்றுச்சுவருக்கு உள்ளே, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு செடியில் இருக்கிறது. வீட்டுக்காரி வாசலுக்கு வந்து, நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பதில் சொல்கிறாள்.

"கோழிக்கொண்டைண்ணா. சத்தியவேட்ல என் நாத்தனார் வூட்லருந்து வெதை கொண்டாந்தேன்."

"முத்தினா எனக்கு ரெண்டு எடுத்து வையி."

கரண்ட் எப்போது வரும் என்று கேட்கத்தான் அவள் வெளியே வந்தாள். கேட்காமலேயே உள்ளே போகிறாள்.

ஆந்திராவில், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கும் வண்ணசமுத்திரத்தில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். கோவர்த்தனன் தரையில் நின்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டது குறைவு. டீக்கடையில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். கரண்ட் ஆபீசில் அவருக்கு ஊமை லைன்மேன் என்றே பெயர். ஏணியில் பத்துப் படி ஏறிவிட்டால் ஆள் வேறு. எதிர்வீட்டு மாடி, பின்வீட்டுக் கொல்லை, ஆபீசர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரம் என்று எல்லாம் அவர் பார்வைக்கு வந்துவிடும், பேச்சும் வந்துவிடும். யார் வீட்டு ஜினியா இலையில் மாவுப்பூச்சி விழுந்திருக்கிறது, யார் சாமந்தியை நிழலில் வைத்துக் கெடுக்கிறார்கள் என்பதை ஊரில் முதலில் அறிகிறவர் அவர்தான். உடனே உரக்கச் சொல்லியும் விடுவார். "தொட்டியை ரெண்டடி இந்தாண்ட தள்ளும்மா. வெயிலு அங்க பதினோரு மணிக்கே போய்டுது." வெயில் எத்தனை மணிக்கு எங்கே போகிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கம்பத்தில் இருப்பவருக்குத் தெரிகிறது.

வயது நாற்பத்தொன்பது. மெலிந்த உடம்பு, நீண்ட கைகள், காக்கிச் சட்டையின் காலருக்குள் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. புகார் செய்ய யாராவது போன் செய்தால் கதவு எண் கேட்க மாட்டார். "எந்த வூடு? கனகாம்பரத்துக்கு எதிர்வூடா?" என்பார். பூ இல்லாத வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை அவருக்குப் புரியவைக்கச் சிரமப்படுவார்கள்.

தோளில் தொங்கும் பையில் குறடு, டெஸ்டர், கயிறு இவற்றோடு ஈரச்சாக்கில் சுற்றிய பதியன்களும் இருக்கும். ஒரு தெருவில் ஒடித்த குச்சி மறு தெருவில் வேர் பிடிக்கும். எது எந்த நிறம் என்று மறந்துபோகாமல் இருக்க, கம்பிக்குச் சுற்றும் டேப்பையே குச்சிக்கும் சுற்றிவிடுவார். சிவப்புப் பூவுக்குச் சிவப்பு டேப், மஞ்சளுக்கு மஞ்சள், டிசம்பர் பூவுக்கு நீலம். வெள்ளைப் பூவுக்கு மட்டும் டேப் கிடையாது. "வெள்ளைக்குக் கறுப்பு சுத்தினா நல்லாவா கீது" என்பார்.

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டில் செடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெயர், 'எங்க வூட்டுப் பூ'. நூற்றெண்பது பேர். மாங்காய் சீசன் முடிந்து, ஆடிக் காற்றும் ஓய்ந்து, கடைசி வெயிலோடு முதல் தூறல் கலக்கிற ஆவணியில்தான் அந்தக் குழு விழித்துக்கொள்ளும். முதல் மழைக்கு மறுநாள் எல்லோர் வீட்டிலும் மழை லில்லி பூத்துவிடும். காலை ஏழு மணிக்குள் முப்பது படங்கள் வரும், எல்லாம் ஒரே பூ. புரட்டாசியில் காசித்தும்பையும் துலுக்க சாமந்தியும். ஐப்பசி தொடங்கினால் டேலியா வைத்திருப்பவர்கள் அடக்கமாக ஒரு படம் போட்டுவிட்டு அன்று முழுவதும் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். யாருக்கு எது பிடித்தாலும் விதையோ குச்சியோ கேட்கலாம். கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்க்க கோவர்த்தனனின் பை இருந்தது.

அவர் போடும் படங்கள் தனியாகத் தெரியும். எல்லாம் மேலிருந்து எடுத்தவை. பூவின் முகம்தான் எல்லோரும் எடுப்பது. அவருடையதில் பூவின் உச்சந்தலை இருக்கும், சுற்றிலும் கொல்லை, குடம், கோழி, சில சமயம் எரிச்சலோடு நிமிர்ந்து பார்க்கும் வீட்டுக்காரர். படத்துக்குக் கீழே இரண்டு வார்த்தை. அவர் படித்தது தெலுங்கு மீடியம் என்பதால் தமிழைத் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவார். குழுவில் தெலுங்கு எழுத்துத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டில் காட்டிப் படிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அது "பூத்துட்ச்சு" என்றுதான் இருக்கும்.

இனி மரத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு அடுத்த தெருவில் ஸ்வர்ணலதாவும் அவள் கணவன் சுரேஷ்பாபுவும் வீட்டுக்குள்ளேயே இரண்டு விசைத்தறி போட்டிருக்கிறார்கள். வாசல் கேட்டை ஒட்டி ஒரு மரமல்லி. தெலுங்குக்காரர்கள் ஆகாசமல்லி என்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் காளஹஸ்தி பக்கமிருந்து முழ உயரக் கன்றாக வந்தது, இப்போது வீட்டைவிட இரண்டு பங்கு உயரம். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். நீண்ட வெள்ளைக் குழல்களாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கி, விடிவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். பூவின் காம்பு நீளம் என்பதால் நூல் இல்லாமலே பின்னலாம். ஸ்வர்ணலதா காலையில் தறி ஓட்டுவதற்கு முன் உதிர்ந்ததை எல்லாம் கூட்டி ஒரு கூடையில் போட்டு கேட்டில் மாட்டிவிடுவாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள், பஸ்ஸுக்கு ஓடும் நர்ஸ், ஆட்டோவின் சாமிப்படத்துக்கு எடுக்கும் டிரைவர் என்று ஒன்பது மணிக்குள் கூடை காலியாகிவிடும். அந்த இரண்டு மாதம் எங்கள் தெருவரைக்கும் வாசனை வரும்.

அந்த மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வேகமாக வளரும், மரம் மெத்து. காற்றுக்கு வளையாது, ஒடியும். இது லைன்மேன் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதன் உச்சிக்குப் பக்கத்தில்தான் தெருக் கம்பிகள் போகின்றன.

ஒவ்வொரு ஆவணியிலும் மழைக்காலத்துக்கு முன்னால் கம்பியோரக் கிளைகளை வெட்ட வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. கோவர்த்தனன் தெருத்தெருவாக வெட்டிக்கொண்டு வருவார். வேலை அது என்பதால் வெட்டுவார்; வெட்டியதில் குச்சியாகப் பிழைக்கக்கூடியதைப் பைக்குள் போட்டுக்கொள்வார். போன வருடம் ஆவணியில் ஸ்வர்ணலதா வீட்டுக்கு வந்தபோது நான் பால் வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். அவர் மேலே ஏறி, அரிவாளை எடுத்தவர், கிளை நுனியைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"மொக்கு வுட்டுட்ச்சும்மா" என்றார் மேலிருந்தே.

ஸ்வர்ணலதா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். "இப்பவேவா? வெட்டணுமாண்ணா?"

"கம்பிக்கு ஒரு முழம் தள்ளித்தான் கீது." கிளை நுனியை மெல்ல விட்டார். "பூ முடியட்டும். கார்த்திகைல வந்து வெட்டுறேன்."

"உன் இஷ்டம்ணா. வெட்டுறதா இருந்தாலும் வெட்டிக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் அரிவாளைப் பைக்குள் வைத்துவிட்டு போனை எடுத்தார். அன்று மாலை குழுவில் படம் வந்தது. பச்சை மொட்டுக் கொத்து, அதன் ஓரமாக ஒரு கம்பி, கீழே அண்ணாந்து நிற்கும் ஸ்வர்ணலதா. 'இன்னும் நாப்பது நாள்' என்று எழுதியிருந்தார். நூறு பேருக்கு மேல் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன்.

பூ சொன்ன நாளில் பூத்தது. இருபது நாள் கூடை நிறைந்தது. ஐப்பசி கடைசி வாரத்தில் கடலில் காற்றழுத்தம் என்று சொன்னார்கள். இங்கே மூன்று நாள் வானம் மூடி, விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, மழைக்கு முன்னால் ஒரு காற்று அடித்தது. பத்து நிமிடம்கூட இருக்காது. மரமல்லியின் உச்சிக்கிளை முறிந்து கம்பிமேல் விழுந்தது. கம்பி அறுந்து தெருவில், தேங்கிய தண்ணீருக்குள் போய்க் கிடந்தது. டிரான்ஸ்பார்மரில் ப்யூஸ் போகவில்லை. கம்பியில் கரண்ட் இருந்தது.

வெங்கடம்மா ஏரிப்பக்கம் மேய்த்துவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு அந்தத் தெரு வழியாக வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, இரண்டு மாடுகள், பதினோரு வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். எங்கள் வீட்டுக்கும் அவர் பால்தான். கறவையில் இருந்த செவலைப் பசு முன்னால் நடந்தது. மற்றது அவருக்குப் பின்னால். சேற்றில் சிக்கிய செருப்பை இழுப்பதற்காக அவர் நின்றார். அந்த நேரத்தில் செவலை தண்ணீருக்குள் காலை வைத்தது.

சுரேஷ்பாபு சத்தம் கேட்டு ஓடிவந்து வெங்கடம்மாவைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். கோவர்த்தனன் அப்போது மூன்று மைல் தள்ளி வேறொரு கம்பத்தில் இருந்தார். போன் வந்து, சப்ளையை நிறுத்தச் சொல்லி, அவர் வண்டியில் வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் மழை பிடித்துவிட்டது. கூட்டம் இரு பக்கமும் நின்றது. வெள்ளைப் பூ தெரு முழுவதும் மிதந்தது. அவர் அறுந்த கம்பியைச் சுருட்டி ஓரமாகப் போட்டார். பசுவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

"விடுப்பா, காத்துக்கு நீ இன்னா பண்ணுவே" என்றார் கூட்டத்தில் ஒருவர். "ஆளு யாருக்கும் ஒண்ணும் ஆவல, அது வரைக்கும் சாமி காப்பாத்துச்சு" என்றார் இன்னொருவர். அவர் அவிழ்த்த கயிற்றைச் சுருட்டினார். வெங்கடம்மா மட்டும் கேட்டார்:

"ஏம்ப்பா, அந்தக் கிளையை ஆவணியிலேயே வெட்றது தானே?"

"ஆமாங்க்கா. வெட்டியிருக்கணும்."

அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் மாட்டு டாக்டர் வந்து பார்த்து எழுதினார். ஏரி ஓரத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆபீசிலிருந்து கோவர்த்தனனுக்கு ஒரு கடிதம் வந்தது. கிளை ஏன் வெட்டப்படவில்லை என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். இங்கே அதை சஞ்சாயிஷி என்பார்கள். மூன்று நாளில் கொடுக்க வேண்டும்.

அன்று மாலையே ஸ்வர்ணலதா அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி அம்சவேணி எங்கள் வீட்டில் பிறகு சொன்னது இது.

"எங்க மேல எழுதிடுண்ணா. வூட்டுக்காரங்க வெட்ட வுடலன்னு எழுது. எங்கள இன்னா ஜெயில்லயா போட்ருவாங்க."

அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தைச் சுற்றி வெடித்துப்போன பீங்கான் இன்சுலேட்டர்களை வரிசையாகப் பதித்திருப்பார். ஒரு வரிசை முழுவதும் ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீ அப்டிச் சொல்லலியேம்மா."

"சொன்னேன்னே வெச்சிக்கோயேன்."

"நீ சொல்லல" என்றார் மறுபடியும்.

விளக்கத்தை வாங்கிக்கொண்ட உதவி இன்ஜினியர் ஹேமநாத் திருப்பதிக்காரர், முப்பத்திரண்டு வயது, கோவர்த்தனனை மதிக்கிறவர். புத்தூரில் அவரைச் சந்தித்தபோது எனக்கு அந்தச் சம்பவத்தை விவரித்தார். காகிதம் கொடுப்பதற்கு முன்பே கோவர்த்தனனை உட்காரவைத்து அவரும் அதே வழியைத்தான் காட்டியிருக்கிறார். "இன்டிவாள்ளு ஒப்புகோலேதனி ராயண்டி" என்று. வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை என்று எழுதுங்கள், ஒரு எச்சரிக்கையோடு முடித்துவிடலாம்.

கோவர்த்தனன் தெலுங்கில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். "மொக்கலு உன்னாயனி கொட்டலேது. தப்பு நாதே." மொட்டு விட்டிருந்ததால் வெட்டவில்லை, தவறு என்னுடையது.

"இப்படி ஒரு காரணத்தை நான் மேலே எப்படி அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறார் ஹேமநாத். "அந்த வாசனை உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?"

"எனக்கு வாசனையே தெரியாது சார். கோவிட்ல போனது."

"பின்னே எதுக்கு விட்டீங்க?"

"தெருவுக்குத் தெரியுமே சார்."

இதை நான் நம்பவில்லை, அம்சவேணியிடம் கேட்டேன். "ஆமாங்க, நாலு வருஷத்துக்கு மேல ஆவுது. பால் பொங்கி அடிபுடிச்சிக்கினு இருக்கும், இவரு பக்கத்துலயே குந்திக்கினு பேப்பர் பாத்துக்கினு இருப்பாரு. வெளியே யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. பூவைப் பத்திப் பேசுற ஆளுக்கு மூக்கு இல்லன்னா சிரிப்பாங்களாம்." குழுவில் அவர் ஒருநாளும் வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஹேமநாத் இன்னொன்றும் சொன்னார். வீட்டுக்காரர்கள் தடுத்தார்கள் என்று எழுதியிருந்தால், மாடு செத்ததற்கு ஆபீஸ் பொறுப்பு ஆகாது. வெங்கடம்மாவுக்கு எதுவும் கிடைத்திருக்காது. அது கோவர்த்தனனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். தெரியாமலா இருக்கும்" என்றார்.

இரண்டு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள்.

அந்த இரண்டு மாதமும் அவருடைய தோட்டத்தில் பூக்கிற காலம். டிசம்பர் பூ வேலி முழுவதும் நீலம் பிடித்து நின்றது. சாமந்தி மூன்று நிறம். அவர் குழுவில் ஒரு படமும் போடவில்லை. 'கோவர்த்தனன் அண்ணா எங்கே, பூ எங்கே' என்று விஷயம் தெரியாத சத்தியவேட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விஷயம் தெரிந்த நாங்கள் எழுதவில்லை. கடைசியில் அம்சவேணி தன் போனிலிருந்து ஒரு படம் போட்டாள். தரையிலிருந்து எடுத்தது, பூவின் முகம் தெரிந்தது. அதை அவரிடம் காட்டினாளாம். "பூவுக்குள்ள தூசி வுழுந்து கீது" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாராம்.

காலையில் கோவர்த்தனன் தன் தம்பியின் நிலத்துக்குப் போய்ப் பச்சைத் தீவனம் அறுத்து, வண்டியின் பின்னால் கட்டி, வெங்கடம்மா வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போவார். கதவைத் தட்ட மாட்டார். முதல் மூன்று நாள் வெங்கடம்மா அதைத் தொடவில்லை. கட்டு கட்டாகக் காய்ந்து கிடந்தது. நாலாவது நாள், மிச்சமிருந்த வறட்டு மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கட்டைப் பிரித்துத் தின்னத் தொடங்கிவிட்டது. "மாடு துன்னுது. நான் இன்னா சொல்றது" என்று என் மனைவியிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவரே கட்டை உள்ளே எடுத்துப் போட்டார். இருவரும் பேசிக்கொண்டதாக யாரும் பார்க்கவில்லை.

தீவனம் போட்ட பிறகு தெருவில் நடப்பார். வேலை இல்லை, ஏணி இல்லை, கம்பத்தைத் தொட அனுமதியும் இல்லை. கழுத்தை நிமிர்த்தி மரங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். எந்த வீடு, என்ன மரம், கம்பிக்கு எத்தனை அடி, எந்த மாதம் பூக்கும், எப்போது வெட்டலாம். அறுபத்து மூன்று மரங்கள். பூ முடிந்து காற்றுக்கு முன்னால் வெட்ட இடம் இருக்கிறவற்றுக்கு மாதம் போட்டிருந்தார். காற்றோடு சேர்ந்தே பூக்கிறவை ஒன்பது. அவற்றுக்கு நேராக எல்லாவற்றிலும் ஆவணி என்று எழுதியிருந்தது.

தை மாதம் வேலையில் சேர்ந்தார். வெங்கடம்மாவின் நஷ்டஈட்டு அர்ஜியை அவரே கிராமச் சச்சிவாலய ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, மூன்று முறை அலைந்தார். பங்குனியில் நஷ்டஈடு வந்தது. வெங்கடம்மா பங்காருபாளையம் பக்கத்திலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கன்று ஈன்ற பசு வாங்கிவந்தார். எங்களுக்கு மறுபடி பால் வரத் தொடங்கியது. ஆனால் அந்தப் பசுவை அவர் ஸ்வர்ணலதா தெரு வழியாக ஓட்டவில்லை. ஏரிக்கரையைச் சுற்றி, அரை மைல் கூடுதலாக நடந்தார்.

இந்த ஆவணி வந்தது. நோட்டில் இருந்தபடி கோவர்த்தனன் வெட்டத் தொடங்கினார். ஆபீசர் வீட்டுக் காகிதப்பூவைப் பூத்துக் குலுங்கும்போதே வெட்டினார். வீட்டம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?" மேலே இருந்தவர் பதில் பேசாமல் அடுத்த கிளைக்கு நகர்ந்தார். கம்பத்தில் இருக்கும்போது அவர் பேசாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அன்றுதான். குழுவிலிருந்து மூன்று பேர் விலகினார்கள். ஒருவர், பூவை வெட்டுகிறவரைப் பூக்குழுவில் வைத்திருக்கலாமா என்று கேட்டு எழுதினார். அதற்குக் கீழே கோவர்த்தனன் காகிதப்பூ வேண்டுபவர்களுக்கு இருபது குச்சி தயாராக இருப்பதாகத் தெலுங்கு எழுத்தில் போட்டார். சாயங்காலத்துக்குள் இருபதும் போயிற்று.

மரமல்லிக்குக் கடைசியாக வந்தார். போன வாரம், சனிக்கிழமை காலை. விடியலில் தூறல் போட்டு நின்றிருந்தது. டிரான்ஸ்பார்மரில் மூன்று ப்யூஸையும் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஏணியைச் சாய்த்தார். தறிகள் நின்றன. மரம் போன வருடம் முறிந்த இடத்திலிருந்து நாலு புதுக்கிளை விட்டு மறுபடி கம்பிக்கு எட்டியிருந்தது. நாலிலும் மொட்டு.

"மொத்தமா எடுத்துடுண்ணா" என்றாள் ஸ்வர்ணலதா கீழிருந்து. "பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி ஆவுது."

"மரம் இன்னாம்மா பண்ணுச்சு" என்றார். "கம்பிக்குக் கீழ இருந்துட்டுப் போவட்டும்."

நாலு கிளையையும் வரிசையாக அறுத்தார். கம்பிக்கு ஐந்து அடி கீழே மட்டம் பார்த்து நிறுத்தினார். மொட்டுக்கொத்துகள் தெருவில் விழுந்தன. இரண்டு மூன்று பெண்கள் அவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள், தண்ணீரில் வைத்தால் விரிகிறதா பார்க்கலாம் என்று. கீழ்ப்பக்கத்துச் சின்னக் கிளைகளை அவர் தொடவில்லை. அவற்றிலும் கொஞ்சம் மொட்டு இருந்தது.

அப்போது தெருமுனையில் வெங்கடம்மா வந்து நின்றார். ஏரிக்கரை மதகை அன்று தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழி இல்லை. புதுப் பசுவின் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியிருந்தார். தெருவில் கிளைகள் கிடந்தன, நடுவில் தண்ணீர் தேங்கியிருந்தது, மேலே கம்பிகள். அவர் வரவில்லை.

"கரண்ட் இல்லக்கா. வா" என்றார் கோவர்த்தனன் மேலிருந்து.

வெங்கடம்மா அசையவில்லை.

"ப்யூஸ் என் பையில கீதுக்கா. நானே புடுங்கினேன்."

"தெரியுதுப்பா" என்றார் வெங்கடம்மா. ஆனாலும் நின்றார். பசு தலையை ஆட்டி முன்னால் இழுத்தது. அவர் கயிற்றை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார்.

கோவர்த்தனன் ரம்பத்தைக் கிளையில் மாட்டிவிட்டு இறங்கினார். கிடந்த கிளைகளை இழுத்துச் சுவரோரம் போட்டு வழி செய்தார். பிறகு ஏணியடியில் குனிந்து, காலில் போட்டிருந்த ரப்பர் பூட்ஸின் நாடாவை அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றி வைத்தார், மற்றதைக் கழற்றினார், காலுறைகளையும் உருவி அவற்றுக்குள் திணித்தார். வெறுங்காலோடு கம்பிக்கு நேர் கீழே தேங்கியிருந்த தண்ணீருக்குள் இறங்கி, பின்னால் வந்த பசுவுக்கு இரண்டடி முன்னால், திரும்பிப் பார்க்காமல் தெருக்கோடி வரை நடந்தார்.